வாரியர் எந்த லெவல்லதான் தேறும்? 27-லயும் ரெண்டு மாப் (கேமோட எதிரி) சேர்ந்து வந்தா சாவுதான்

செம்புலி:
வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) கிளாசிக், வாரியர், லெவல் 27. ஒத்தைக்கு ஒத்தை அடிச்சாலே பாதி ஹெல்த் போயிடுது, ரெண்டு வந்தா செத்தேன். கூடவே ஆரம்பிச்ச ஃப்ரெண்டோட ஹன்டர் 10-ல பெட் கிடைச்சதிலிருந்து நிக்காம ஓடிட்டே இருக்கான். இந்த கிளாஸ் எப்போதான் உருப்படும்? டிலீட் பண்ணிட்டு வேற ஆரம்பிக்கவா? சனிக்கிழமை கில்டு ஆளுங்களோட டன்ஜன் இருக்கு, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

வெண்தாடி_குள்ளன்:
டாலென்ட் பாயின்ட் எந்தப் பிரிவுல, ஆர்ம்ஸா ஃப்யூரியா? கையில என்ன ஆயுதம்? எந்தப் பக்கம், அலையன்ஸா ஹோர்டா? எந்த ஏரியா, மாப் உங்களைவிட எத்தனை லெவல் கூட? இது எதுவுமே சொல்லாம "சாகறேன்"னா நாங்க எதை வச்சு பதில் சொல்றது?

ரேஜ்பார்:
சாதா கிளாசிக்கா, சீசன் ஆஃப் டிஸ்கவரியா? ரூன் (கூடுதல் ஸ்கில் தர்றது) இருக்கிற சர்வர்னா கணக்கே வேற.

இரட்டைக்கத்தி:
ப்ரோ, 20-லயே டிரெய்னர்கிட்ட ட்யூயல் வீல்ட் கத்துக்கலாமே, கத்துக்கிட்டீங்களா? ஃப்யூரிக்கு மாறி ரெண்டு கையிலயும் ஆயுதம் பிடிங்க. அடி அதிகம், ரேஜ் (ஸ்கில் போடச் செலவாகிற சக்தி) அதிகம், பிரச்சினை முடிஞ்சது.

நக்ஸ்_காவலன்:
தம்பி, இது 2004-ல வந்த கேம். வாரியர் எப்போ தேறும்னு இங்க பேசாத நாளே இல்ல. மேல தேடல் பெட்டி எதுக்கு இருக்கு? சரி, ஒருமுறை சொல்றேன், நிதானமா படிங்க. 4-ல சார்ஜ், 12-ல ஓவர்பவர், 24-ல எக்ஸிக்யூட், 30-ல பெர்சர்க்கர் ஸ்டான்ஸும் (சண்டை நிலை) ஸ்வீப்பிங் ஸ்ட்ரைக்ஸும், 36-ல வர்ல்விண்ட், 40-ல மார்ட்டல் ஸ்ட்ரைக்கும் பிளேட் ஆர்மரும். 30-க்கு முன்னாடி ரெண்டு மாப் வந்தா ஓடத்தான் வேணும். ஹாம்ஸ்ட்ரிங் (மாப்போட வேகத்தைக் குறைக்கும்) போட்டுட்டு ஓடப் பழகுங்க. இது பொறுமை இல்லாதவங்களுக்கான கிளாஸ் இல்ல.

வெண்தாடி_குள்ளன்:
@இரட்டைக்கத்தி, 27-ல ட்யூயல் வீல்ட் வேண்டவே வேண்டாம். சம லெவல் மாப் மேல சாதா அடி மிஸ் ஆக 5%. ரெண்டு ஆயுதம் பிடிச்சா அதோட 19% சேர்ந்து 24% ஆகுது. அதை ஈடுகட்ட ஹிட் கியர் (மிஸ்ஸைக் குறைக்கிற உடுப்பு) இந்த லெவல்ல கிடைக்காது. ஓவர்பவரும் வர்ல்விண்டும் ஆயுதத்தோட ஒரு அடி டேமேஜை வச்சு அடிக்கிற ஸ்கில்ஸ். 3.4, 3.6 செகண்ட்னு மெதுவா சுத்துற ரெண்டு கை ஆயுதத்துலதான் அதுக்கு மதிப்பு. ஃப்யூரி ட்யூயல் வீல்ட் 60-ல ரெய்டு கியரோட பேசவேண்டிய விஷயம்.

இரட்டைக்கத்தி:
மிஸ் ஆனாலும் அடிகளோட எண்ணிக்கை கூடுதே ப்ரோ.

செம்புலி:
சாதா கிளாசிக்தான். அலையன்ஸ், ஹ்யூமன். டஸ்க்வுட். ஆர்ம்ஸ்ல 18 பாயின்ட்டும் போட்டாச்சு. மாப் 28, 29. ஆயுதம் நல்லதுதான், போன வாரம் கிடைச்ச பச்சை கோடாலி, ரெண்டு கை. முன்னாடி வச்சிருந்த வாளைவிட டிபிஎஸ் (செகண்டுக்கு டேமேஜ்) ரொம்ப கூட. அதுக்கப்புறம்தான் இன்னும் மோசமான மாதிரி இருக்கு.

கிழக்குக்காற்று:
நிறுத்துங்க. வாள்லருந்து கோடாலிக்கு மாறினீங்களா? K அழுத்தி ஸ்கில் பக்கத்தைத் திறங்க. அதுல ரெண்டு கை கோடாலிக்கு நேரா என்ன எண் இருக்கு?

செம்புலி:
42/135. இது என்ன?

கிழக்குக்காற்று:
இதுதான் உங்க பிரச்சினை, கிளாஸ் இல்ல.

ஒவ்வொரு ஆயுத வகைக்கும் தனி ஸ்கில். உச்சவரம்பு லெவல் x 5, அதனாலதான் 135. மாப்போட டிஃபென்ஸும் அதே கணக்கு: 29 லெவல் மாப்புக்கு 145. வித்தியாசம் 145 - 42 = 103. வித்தியாசம் 10-ஐத் தாண்டினா பாயின்ட்டுக்கு 0.2% மிஸ் கூடும்: 20.6, அடிப்படை 5 சேர்த்தா 25.6%. டாட்ஜ் (மாப் விலகித் தப்பிக்கிறது) பாயின்ட்டுக்கு 0.1%: 10.3, அடிப்படை 5 சேர்த்தா 15.3%. ஆக நூறு அடியில 41 அடி படவே இல்ல. பாரியை (ஆயுதத்தால தடுக்கிறது) இன்னும் சேர்க்கல. படுற சாதா அடியிலயும் நிறைய கிளான்ஸிங்கா (உரசிப்போற அடி) மாறி டேமேஜ் குறையுது.

இதால உங்களுக்கு நஷ்டம் ரெண்டு மடங்கு. ஏன்னா நீங்க குடுக்கிற சாதா அடியோட டேமேஜ்லருந்துதான் பெரும்பகுதி ரேஜ் வருது. மிஸ் ஆனா ரேஜ் இல்ல, ரேஜ் இல்லன்னா ஸ்கில் இல்ல, சண்டை நீளுது, அந்த நேரம் முழுக்க மாப் உங்களை அடிக்குது. ஹீரோயிக் ஸ்ட்ரைக்கையும் குறைங்க. அது அடுத்த சாதா அடியைத்தான் மாத்திப்போடுது, அதனால 15 ரேஜ் செலவோட அந்த அடி குடுத்திருக்க வேண்டிய ரேஜும் போயிடும்.

வழி ரெண்டு.

ஒண்ணு, கோடாலியை விட்டுட்டு ஆக்‌ஷன் ஹவுஸ்ல (கேமுக்குள்ள இருக்கிற ஏலக்கடை) உங்க லெவலுக்கு ரெண்டு கை வாள் ஒண்ணு வாங்குங்க. ஹ்யூமனுக்கு வாளுக்கும் மேஸுக்கும் பிறப்பிலேயே +5 ஸ்கில், கோடாலிக்கு அது கிடையாது (அது ஆர்க்குக்கு). ஆனா ஒரு கை வாளும் ரெண்டு கை வாளும் தனித்தனி ஸ்கில். பழைய வாள் எது?

ரெண்டு, கோடாலியோடதான் இருப்பேன்னா, 21-23 லெவல் மாப்பா பார்த்து அடிச்சு ஸ்கில்லை ஏத்துங்க. ரெட்ரிட்ஜும் வெட்லேண்ட்ஸும் சரியா இருக்கும். லெவல் எண் சாம்பல் நிறத்துல இருக்கிறதை அடிச்சா ஸ்கில் ஏறாது. 100 வரைக்கும் வேகமா ஏறும், அதுக்கப்புறம் இழுக்கும்.

நக்ஸ்_காவலன்:
ஆயுத ஸ்கில் பார்க்கிறதெல்லாம் லெவல் 10-லயே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். அது இருக்கட்டும், ஸ்கில் முழுசா இருந்தாலும் நான் போட்ட பட்டியல் மாறாது. வாரியர் 30-க்கு முன்னாடி தேறாது.

சுத்தியல்_சாமி:
அதுக்குத்தான் பாலடின் எடுக்கணும்கிறது. 20-ல சீல் ஆஃப் கமாண்ட், கூடவே ஜோர்டான் ஸ்டில்வெல்லோட குவெஸ்ட்ல வெரிகன்ஸ் ஃபிஸ்ட். டெட்மைன்ஸ், ஷேடோஃபாங் கீப், பிளாக்ஃபாதம் டீப்ஸ், லாக் மோடன்னு நாலு இடத்துலருந்து பொருள் சேர்க்கணும், ஆனா அதுக்கப்புறம் தனியா ரெண்டு மூணு மாப் வந்தாலும் ஹீல் பண்ணிட்டே நிக்கலாம். தேறுறதுன்னா அது.

ரேஜ்பார்:
டான்ட் (மாப்பைத் தன் பக்கம் இழுக்கிற ஸ்கில்) இல்லாத கிளாஸை வச்சுக்கிட்டு தேறுறதைப் பத்திப் பேசறீங்க. தனியா குவெஸ்ட் பண்றது மட்டும்தான் அளவுகோல்னா ஹன்டர் 10-லயே ஜெயிச்சாச்சு, ட்ரூயிட் 20-ல கேட் ஃபார்ம் வந்ததும் ஜெயிச்சாச்சு. டன்ஜன்ல பாருங்க: வாரியருக்கு 10-ல டிஃபென்ஸிவ் ஸ்டான்ஸ் குவெஸ்ட் முடிஞ்சதுமே டான்ட், சன்டர் ஆர்மர் ரெண்டும் கையில. 12-ல ஷீல்ட் பாஷ், 14-ல ரிவெஞ்ச், 16-ல ஷீல்ட் பிளாக். எந்த குரூப்பும் தேடி வந்து கூப்பிடும்.

சுத்தியல்_சாமி:
வாரத்துல ஒரு மணி நேரம் டன்ஜன், மத்த நேரமெல்லாம் தனியாத்தான் சுத்தறோம். அந்த நேரத்துல சாகாம இருக்கிறதுதான் முதல்ல வேணும். டான்ட் இல்லன்னாலும் 20-ல கான்சிக்ரேஷன் வச்சு கூட்டத்தைப் பிடிக்கலாம்.

ரேஜ்பார்:
கான்சிக்ரேஷன் ஹோலி டாலென்ட் மரத்துல 11-வது பாயின்ட், சீல் ஆஃப் கமாண்ட் ரெட்ரிப்யூஷன்ல 11-வது பாயின்ட். 20-ல கையில இருக்கிறது மொத்தமே 11. ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்க முடியும்.

வெண்தாடி_குள்ளன்:
இழை எங்கயோ போகுது. @செம்புலி, சனிக்கிழமை எந்த டன்ஜன்? ஸ்டாக்கேட்ஸ்னா உங்களை டேங்க் பண்ண (முன்னாடி நின்னு அடி வாங்க) சொல்வாங்க. அதுக்கு ஒரு கை ஆயுதமும் ஷீல்டும் வேணும், அந்த ஒரு கை ஸ்கில் எவ்வளவுன்னு இப்பவே பார்த்துடுங்க. அதுவும் 42-ல இருந்தா அக்ரோ (மாப்போட கவனம்) உங்ககிட்ட நிக்காது, ஹீலர்தான் சாவாரு. ஃபர்ஸ்ட் எய்டையும் விட்றாதீங்க: ஹெவி வுல் பேண்டேஜ் 7 செகண்ட்ல 301 ஹெல்த் குடுக்கும். அடி விழுந்தா நடுவுலயே நின்னுடும், அதனால சண்டை முடிஞ்சதும் போடுங்க.

செம்புலி:
பழையது ரெண்டு கை வாள்தான். ஸ்கில் 128 காட்டுது. அதே வகையில ஒண்ணு ஆக்‌ஷன் ஹவுஸ்ல வாங்கிட்டேன். இப்போ ரெண்டு மாப் வந்தா சமாளிக்க முடியுது. டிலீட் பண்ணல. நன்றி.

கிழக்குக்காற்று:
நல்லது. 30 ஆனதும் டிரெய்னர் ஃப்ரே ஐலேண்டுக்கு அனுப்புவாரு, பெர்சர்க்கர் ஸ்டான்ஸ் அங்கதான். முடிச்சதும் அப்படியே ஆல்டராக்ல பாத்ராவைப் போய்ப் பாருங்க, வர்ல்விண்ட் ஆயுத குவெஸ்ட் அவர்கிட்ட. கடைசியில வர்ற சைக்ளோனியன் லெவல் 40 எலீட், தனியாப் போகாதீங்க, கில்டுல கேளுங்க. டாலென்ட்ல டாக்டிகல் மாஸ்டரி 5/5 இருக்கான்னும் பாருங்க. ஸ்டான்ஸ் மாத்தினா 25 ரேஜ் தங்கும், 36-ல வர்ற வர்ல்விண்டோட விலையும் அதே 25. பேட்டில் ஸ்டான்ஸ்ல ஸ்வீப்பிங் போட்டுட்டு பெர்சர்க்கருக்கு மாறி வர்ல்விண்ட் அடிக்கிறது இந்தக் கணக்குலதான் நடக்குது. குவெஸ்ட் பரிசுல கோடாலி, சுத்தியல், வாள் மூணும் இருக்கும். எல்லாரும் கோடாலியைத்தான் எடுக்கச் சொல்வாங்க. நீங்க வாளை எடுங்க.

இரட்டைக்கத்தி:
வாள்னா ஸ்வோர்ட் ஸ்பெஷலைசேஷனும் போடணுமா, இல்ல 31 பாயின்ட்டும் நேரா மார்ட்டல் ஸ்ட்ரைக்குக்கா?

கிழக்குக்காற்று:
முதல்ல மார்ட்டல் ஸ்ட்ரைக். மிச்சம் அப்புறம்.