‘சைலன்ட் வே’: மௌன முறையா, சொல்லடக்க முறையா?

அம்மாவுக்கு வணக்கம்.

பிறமொழி கற்பிக்கக் காலெப் கட்டேன்யோ என்ற கல்வியாளர் வகுத்த ‘சைலன்ட் வே’ (Silent Way) முறைக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன ‘மௌன முறை’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘மௌன வாசிப்பு’ என்றால் பிள்ளைகள் வாய்க்குள் படிப்பது. மொழிக்கல்வியில் ‘மௌனப் பருவம்’ என்று ஒன்று உண்டு. அதிலும் பேசாமல் இருப்பவர் கற்பவர். இங்கே நேரெதிர். பேசுவது கற்பவர், வாயை அடக்குவது ஆசிரியர். அவரும் அடியோடு பேசாமல் இருப்பதில்லை. புதுச் சொல்லை ஒரே ஒருமுறை தெளிவாகச் சொல்வார், திருப்பிச் சொல்ல மாட்டார். ஆகவே ‘சொல்லடக்க முறை’ என்பது என் பரிந்துரை. கற்பித்தல் கற்றலுக்கு அடங்கி நடக்கவேண்டும் என்பதுதானே கட்டேன்யோவின் அடிப்படைக் கொள்கை? ‘அடக்கம்’ அதற்கும் பொருந்துகிறது.

இம்முறையில் பாடக்கருவியாகப் பயன்படும் குய்சினேர் கோல்களுக்கு (Cuisenaire rods) ‘வண்ணக்கோல்’ போதும்: 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம், பத்து நிறம். சுவரில் மாட்டிய பாட அட்டையை ஆசிரியர் தொட்டுக் காட்டும் கருவிக்குச் ‘சுட்டுகோல்’ வேண்டாம், ‘சுட்டுக்குச்சி’ என்போம். இல்லையேல் வகுப்பில் “கோலை எடு” என்றால் எதை எடுப்பது?

சேலத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தவருக்குத் தமிழ் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, வெள்ளை போதும். பச்சையில் இரண்டு கோல் இருப்பதால் இளம்பச்சை, கரும்பச்சை என்று பிரிக்கவேண்டி வரும். காப்பிக் கலரும் பிறகு வரட்டும். ‘கோல்’, ‘சிவப்புக் கோல்’, ‘எடு’, ‘குடு’ என்று ஏறி, “சிவப்புக் கோலை எடுத்து அவருக்குக் குடு” வரை போகலாம். ஐந்து சொல், அவற்றைக் காட்ட ஆசிரியரின் ஐந்து விரல். கட்டைவிரல் ‘சிவப்பு’, சுண்டுவிரல் ‘குடு’. ஒருவர் “அவர் குடு” என்றால் ஆசிரியர் ‘அவருக்கு’ என்ற சொல்லுக்கான மோதிரவிரலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். சொன்னவருக்கு எட்டவில்லை என்றால் பார்வையை மற்றவர் பக்கம் திருப்பலாம். பெரும்பாலும் யாராவது ‘க்கு’வைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடுகிறார்; அல்லது சரி என்றதும் தலையாட்டி, “சபாஷ்” போடுகிறார். அதன்பின் கற்பவர் தன் காதை நம்பமாட்டார், ஆசிரியர் முகத்தைப் பார்த்தே பேசுவார். கற்பவருக்குள் வளரவேண்டிய அந்தச் சரி-தப்பு உணர்வுக்கு ‘அகவளவை’ என்று வைக்கலாமா?

*

ஐயா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன்.

சொல்லடக்க முறைக்கு என் ஒப்புதல். ‘அகவளவை’ தத்துவப் பாடம்போல் இருக்கிறது. ‘உள்ளளவுகோல்’ என்றால் பயிற்சிக்கு வரும் ஆசிரியருக்கு உடனே புரியும். கோல் அங்கேயும் வந்துவிடுகிறதே என்பீர்கள், பரவாயில்லை, அளவுகோல் பழகிய சொல்.

அட்டைகளுக்கு இரண்டு பெயர் தேவை. ஒன்றில் எழுத்தே கிடையாது, ஒலிக்கு ஒரு நிறமாக வெறும் கட்டங்கள். அது ‘ஒலிவண்ண அட்டை’. மற்றொன்று ‘ஃபிடெல்’, எத்தியோப்பிய எழுத்துவரிசையின் பெயர். அதில் ஒவ்வோர் ஒலியையும் எழுதும் எழுத்துகளெல்லாம் அந்த ஒலியின் நிறத்தில் இருக்கும். அதற்கு ‘எழுத்துவண்ண அட்டை’.

இந்த வேறுபாடு தமிழுக்கு மிக முக்கியம். கல், தங்கம், பகல் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. எழுத்துவண்ண அட்டையில் ககரத்தை மூன்று நிறத்தில் மூன்று இடத்தில் எழுதவேண்டும். பேச்சில் ஒன்றாகிப்போன நகரமும் னகரமும் ஒரே நிறத்தில் நிற்கும். ‘க’ என்ற எழுத்துக்கு ஒரு நிறம் என்று அச்சடித்தால் அட்டையே வீண். இந்தி தெரிந்தவர் ‘தங்கம்’ என்பதைத் ‘தங்க்கம்’ என்றே படிப்பார்.

ழகரம்தான் சிக்கல். இங்கே பேச்சில் ‘பழம்’ பலர் வாயில் ‘பளம்’. நான் தனி நிறமே கொடுப்பேன். தனி நிறம் இருந்தால் ‘பழம்’ என்று சுட்டிவிட்டு, தெருவில் கேட்பதையும் ளகர நிறத்தில் சுட்டிக் காட்டலாம், ஒரு வார்த்தை பேசாமல். சேலம் வகுப்புக்கு அட்டை அடிக்கும்முன் இதில் உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.