ஊசி பயம்: தளர்த்தணுமா, இறுக்கணுமா?

கார்த்திக்: ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழறவங்கள மூச்சை மெதுவா விட்டு உடம்பைத் தளர்த்தச் சொல்லலாமா சித்தி?

மீனா சித்தி: அய்யோ, அதைச் சொல்லாதே. பல்லி, லிஃப்ட், உயரம்னா பி.பி. ஏறும், அதனால மயக்கம் பெரும்பாலும் வராது. ரத்தம், ஊசி, காயம்னா கதையே வேற. முதல்ல ஏறி, அப்புறம் நாடியும் பி.பி.யும் சடார்னு இறங்கும். அந்த நேரத்துல தளர்த்தினா இன்னும் இறங்கும்.

கார்த்திக்: அப்ப?

மீனா சித்தி: இறுக்கணும். உட்கார்ந்தபடி கை, தொடை, வயிறு மூணையும் 10–15 விநாடி. முகத்துல சூடு ஏறினா சரியா இறுக்கியாச்சுன்னு அர்த்தம். பிறகு சாதாரணமா விடணும், தொளதொளன்னு இல்ல. 20–30 விநாடி விட்டு மறுபடி. அஞ்சு தடவை ஒரு சுற்று. ஸ்வீடன்ல ஓஸ்ட், ஸ்டெர்னர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1987ல எழுதின முறை.

ரமேஷ் மாமா: ஊசி போடற கையை மட்டும் விட்டுடுங்கப்பா. இறுகின தசையில குத்தினா வலி கூடும். மயங்கிற ஆள்னு முன்னாடியே சொல்லிட்டா படுக்க வெச்சே ரத்தம் எடுப்போம்.

பிரியா அக்கா: ஒரு மாத்திரை போட்டுட்டுப் போனா முடிஞ்சுதே?

மீனா சித்தி: எந்த மாத்திரைடி? அல்பிரசோலம் மாதிரி பதற்றத்தைக் குறைக்கிற மாத்திரை போட்டா அன்னிக்குச் சமாளிச்சுடலாம். ஆனா "மாத்திரையாலதான் தப்பிச்சேன்"னு மனசு கணக்கு எழுதிக்கும், பயம் அப்படியே இருக்கும்.

ரமேஷ் மாமா: பதற்றத்துக்குச் சிலர் போடற இன்னொரு மாத்திரை புரோப்ரனலால், அது பி.பி.யையே இறக்கும், மயங்கிறவங்களுக்கு நேர் எதிர். ஆஸ்துமா இருந்தா தொடவே கூடாது.

கார்த்திக்: இறுக்கினாலே பயம் போயிடுமா?

மீனா சித்தி: அது விழாம இருக்கத்தான். பயம் போக எக்ஸ்போஷர் வேணும், அதாவது பயப்படற விஷயத்தையே படிப்படியா நேர்ல பார்த்துப் பழகறது. ஒவ்வொண்ணும் எவ்வளவு பயம்னு 0லேருந்து 100 வரைக்கும் மார்க் போட்டு ஏணி கட்டணும். ஊசி படம் 20, மூடி போட்ட சிரிஞ்சைக் கையில வெச்சுக்கிறது 40, இன்னொருத்தருக்குப் போடறதைப் பார்க்கிறது 60, இப்படி. ஒரு படியில மார்க் பாதியாகற வரைக்கும் நின்னுட்டு மேல போகணும். உச்சத்துல எழுந்து ஓடினா ஓடறதைத்தான் மனசு கத்துக்கும். மூஞ்சிய திருப்பிக்கிறது, போனை நோண்டறது எல்லாம் ஓட்டம்தான், உட்கார்ந்துட்டே ஓடறது.

பிரியா அக்கா: எத்தனை மாசம் இழுக்கும்?

மீனா சித்தி: மாசக்கணக்கு வேண்டாம். இந்த மாதிரி ஒரே விஷயத்து மேல இருக்கிற பயத்துக்கு, பயிற்சி எடுத்த சைக்காலஜிஸ்ட் ஒரே அமர்வுல, அதிகபட்சம் 3 மணி நேரத்துல முடிக்கிற முறையே இருக்கு.

ரமேஷ் மாமா: குழந்தைங்கன்னா "வலிக்கவே வலிக்காது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. குத்தினதும் பொய்னு தெரியும், அடுத்த தடவை நாலு பேர் பிடிக்கணும்.

கார்த்திக்: ரத்த டெஸ்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னு வைங்க. இறுக்கறதை எப்ப ஆரம்பிக்கணும் சித்தி?

மீனா சித்தி: இன்னிக்கே. தினம் 5 சுற்று. தலை வலிச்சா ரொம்ப இறுக்கறாங்கன்னு அர்த்தம், முகத்தை விட்டுட்டு கை காலோட நிறுத்தணும். பி.பி., இதய நோய், கர்ப்பம் இருந்தா முதல்ல டாக்டரைக் கேட்டுடணும்.