பழைய இன்ஷூரன்ஸ் வில்லை, தகடு, ரசீது சேர்ப்பவர்கள் வேலூர் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

அகழிக்கரை (வேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். லாங் பஜார் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில், உருக்கப் போட ஒதுக்கி வைத்திருந்த பித்தளைச் சாமான்களுக்கு நடுவில் ஒரு வட்ட வில்லை கண்ணில் பட்டது, எடைக்கு எடை போட்டு வாங்கி வந்துவிட்டேன். பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே வளையம் மாட்ட ஒரு காது, அது பாதி தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் சுற்றிலும் இங்கிலீஷில் ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி லைஃப் அஷ்யூரன்ஸ் கம்பெனி, பம்பாய், 1874 என்று இருக்கிறது. மறுபக்கம் வழவழவென்று தேய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் மூன்று எண்கள் தெரிகின்றன, ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோணல்மாணலாக.

இது 1874இல் அடித்ததா? புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெளிவாகத் தெரியுமா? தெரிந்தவர் ஒருவர் லட்சக்கணக்கில் போகும், யாரிடமும் காட்டாதே என்கிறார். இன்னொன்று, என் தாத்தா தோல் மண்டியில் கணக்கு எழுதியவர், அவர் டிரங்குப் பெட்டியில் லட்சுமி இன்ஷூரன்ஸ், லாகூர் என்று போட்ட பிரீமியம் ரசீதுகள் ஒரு கட்டு இருக்கின்றன. வட ஆற்காடு ஜில்லாக்காரர் எதற்கு லாகூரில் போய்ப் பணம் கட்டினார் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

காட்பாடி காசு

தம்பி, முதலில் புளியைத் தூக்கி உள்ளே வையுங்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் பாலிஷ் எதுவுமே வேண்டாம். அந்தக் கறுப்புப் படிவம்தான் அதன் வயசு, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் பார்க்கிறவனுக்குப் புதுசும் பழசும் ஒன்றுதான், தேய்ந்த எண்களும் சேர்ந்து போய்விடும். வெறும் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு காகித உறையில் போடுங்கள், பிவிசி பிளாஸ்டிக் உறை ஆகாது.

1874 கம்பெனி தொடங்கிய வருஷம், வில்லை அடித்த வருஷம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் 1956 செப்டம்பர் 1 அன்று எல்ஐசிக்குள் போய்விட்டன, அதனால் உங்கள் வில்லை அதற்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம். தீ, கப்பல், மோட்டார் கம்பெனிகள் என்றால், அவை அரசுடைமையான 1973 வரை இழுக்கும். தாளாக இருந்தால் இன்னும் சுலபம்: ரூபாய், அணா கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்னால், விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972க்குப் பின்னால். எண்கள் கோணலாக இருப்பது நல்ல அடையாளம், ஒவ்வொரு எண்ணாக உளி வைத்துக் கையால் குத்தியிருக்கிறார்கள்.

லட்சம் கதையை நம்பாதீர்கள். நம் பக்கம் இரிடியம், அரிசி இழுக்கும் காசு என்று மோசடிக்காரர்களை நம்பி எத்தனை பேர் வீட்டை அடமானம் வைத்துக் கெட்டார்கள். 1818 என்று போட்டு, ஒரு பக்கம் சாமி படம் வைத்த ஈஸ்ட் இந்தியா கம்பெனிக் காசு என்று யாராவது நீட்டினால் அந்த இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள், அத்தனையும் பின்னால் அடித்த போலி.

குடியாத்தம் முன்னாள் ஏஜென்ட்

அந்த லாகூர் ரசீதுக் கட்டைத்தான் நான் கேட்பேன், வில்லையை அப்புறம் பார்க்கலாம். லட்சுமி இன்ஷூரன்ஸ் 1924இல் லாலா லஜபதி ராய் போன்றவர்கள் சேர்ந்து தொடங்கிய சுதேசிக் கம்பெனி. அதைக் கட்டி நடத்தியவர் யார் தெரியுமா? கும்பகோணத்துக்காரர், பண்டிட் கே. சந்தானம், லாகூரில் வக்கீலாகப் போய்த் தங்கியவர், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு காங்கிரஸ் நடத்திய விசாரணையிலும் வேலை செய்தவர். லாகூரில் இன்றும் லட்சுமி சௌக் என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது, அந்தக் கம்பெனிக் கட்டடத்தால் வந்த பெயர். வெள்ளைக்காரன் கம்பெனிக்குக் கட்டாமல் நம் ஆள் கம்பெனிக்குக் கட்டுவோம் என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் கட்டினாரா என்று நான் சொல்ல முடியாது, ஆனால் 1947க்குப் பிந்தைய ரசீது இருந்தால் அதில் விலாசம் என்ன என்று பாருங்கள். பிரிவினையோடு கம்பெனி டெல்லிக்கு வந்துவிட்டது. ஒரே கட்டில் இரண்டு விலாசமும் இருந்தால் அதைவிடப் பெரிய பொக்கிஷம் கிடையாது.

1956இல் 154 இந்தியக் கம்பெனி, 16 வெளிநாட்டுக் கம்பெனி, 75 பிராவிடெண்ட் சொசைட்டி (சிறு தொகைக் காப்பீட்டுச் சங்கம்) என்று மொத்தம் 245ஐச் சேர்த்துத்தான் எல்ஐசி ஆக்கினார்கள். சும்மா ஆக்கவில்லை. பாலிசிதாரர் பணத்தை முதலாளிகள் தங்கள் சொந்தத் தொழிலுக்குத் திருப்பியதை எம்.பி.யாக இருந்த பெரோஸ் காந்தி 1955இல் நாடாளுமன்றத்தில் பிட்டுப்பிட்டு வைத்தார், அது பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி விவகாரம். மவுண்ட் ரோட்டில் கோபுரம் வைத்த பாழடைந்த சிவப்புக் கட்டடம் இருக்கிறதே, அது அந்தக் கம்பெனி வாங்கியதுதான். இடிக்க ஆரம்பித்து, வழக்குப் போய், நீதிமன்றம் தடுத்ததால் நிற்கிறது. பழைய கம்பெனிகளின் பாலிசிப் பொறுப்பு முழுவதும் எல்ஐசிக்கு வந்தது, எனவே ரசீதில் பாலிசி எண் இருந்தால் கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பணம் வருமோ வராதோ.

பாலாற்று மணல் (ராணிப்பேட்டை)

வில்லை மட்டும் தேடாமல் தகடும் தேடுங்கள். எங்கள் பக்கம் ஒரு பழைய தோல் கிடங்கை இடித்தபோது நிலைக்கு மேலே அடித்திருந்த தகரத் தகடு ஒன்று கிடைத்தது, சுண்ணாம்பு ஏறி ஏறி எழுத்தே மூடிப்போய், ஓரத்தில் ஆணித் துளை மட்டும் தெரிந்தது. தீ இன்ஷூரன்ஸ் தகடு. 1666இல் லண்டன் எரிந்த பிறகு பிறந்த பழக்கம் இது. கம்பெனிகள் சொந்தமாகத் தீயணைப்பு ஆட்களை வைத்திருந்தன, எந்த வீடு தங்களுடையது என்று தெரிய ஈயத் தகடு அடித்து, அதிலேயே பாலிசி எண்ணையும் பொறித்தார்கள். 1710இல் தொடங்கிய சன் கம்பெனியின் தகட்டில் முகம் வைத்த சூரியன் இருக்கும். கைப் பம்பு அடிக்க ஓடி வந்த ஊர் ஆட்களுக்கு டோக்கன் கொடுத்து, பிறகு அதற்குக் கூலியும் பீரும் கொடுத்திருக்கிறார்கள். 1833இல் லண்டன் கம்பெனிகள் தங்கள் படைகளை ஒன்றாகச் சேர்த்த பிறகு தகடு வெறும் விளம்பரமாகிவிட்டது, காலப்போக்கில் ஈயத்துக்குப் பதில் செம்பு, தகரம் என்றும் வந்தது.

வீடு இடிக்கிற மேஸ்திரிகளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். எந்த ஊர், எந்தக் கதவு என்று அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போடுங்கள், அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் தகரம்.

அகழிக்கரை (வேலூர்)

புளியை எடுத்து வைத்துவிட்டேன் அண்ணா, நன்றி. ஏஜென்ட் ஐயா, நேற்று ராத்திரி கட்டைப் பிரித்தேன். அடியில் இருப்பவை லாகூர், மேலே இருப்பவை டெல்லி! தொகை எல்லாமே ரூபாய் அணாவில். டெல்லி ரசீதுகள் சிலவற்றில் தாத்தா பென்சிலால் கம்பெனி விலாசத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார். பூச்சி கொஞ்சம் அரித்திருக்கிறது, தாளைப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், லாமினேஷன் செய்யலாமா?

காட்பாடி காசு

லாமினேஷன் கூடவே கூடாது, சூடும் பசையும் தாளைத் தின்றுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத காகித உறையில் தட்டையாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரில்தான் இருப்பேன், நேரில் கொண்டுவந்தால் உறை நான் தருகிறேன்.