பேச்சில்லாத் துணை: விளையாட்டில் உங்களுக்கு நேர்ந்த சந்திப்புகளைப் பகிருங்கள்

இணையவழி விளையாட்டு என்றாலே ஹெட்செட்டில் வந்து விழும் வசைகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அதனால் பல ஆண்டுகள் தனியாளாக ஆடும் கதை விளையாட்டுகளைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை. அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தியது 2012ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 3இல் வெளிவந்த ஜர்னி என்ற விளையாட்டு. முன்பின் தெரியாத ஒருவர் விளையாட்டுக்குள் உங்களுக்குத் துணை நின்றதுண்டா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜர்னியில் மணல்வெளியைக் கடந்து, தொலைவில் ஒளிரும் மலையுச்சியை அடைய வேண்டும். வழியில் இன்னோர் ஆட்டக்காரர் எதிர்ப்படுவார். அவர் தலைக்கு மேல் பெயர் தெரியாது. அவரிடம் பேசவோ எழுதவோ வழியில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் பறவை கூவுவது போன்ற சிறு ஓசை எழும், அழுத்திப் பிடித்து விட்டால் அதுவே பெரிதாகும். கழுத்துத் துணியில் உள்ள குறிகள் ஒளிர்ந்தால்தான் பறக்க முடியும்; அந்த ஒளி தீர்ந்துபோன பின், இருவர் ஒருவரையொருவர் தொட்டு நின்றால் இருவருக்குமே அது திரும்பக் கிடைக்கும்.

எனக்கு வாய்த்தவர் முதலில் தொல்லையாகத்தான் பட்டார். நான் நின்று வேடிக்கை பார்க்க விரும்பிய இடங்களில் அவர் முன்னே ஓடிவிட்டுத் திரும்பி வந்து கூவினார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் நடந்தேன். ஓரிடத்தில் உயரத்திலிருந்து தவறிக் கீழே விழுந்து, மறுபடியும் முதலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, அவர் போயிருப்பார் என்றே நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மேலே விளிம்பில் நின்று விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தார். அதன் பின் பனிமலையில், எதிர்க்காற்று தள்ளும்போதெல்லாம் நடுகல் போன்ற கற்களுக்குப் பின்னால் இருவரும் ஒதுங்கி, காற்று தணிந்ததும் நான்கடி நடந்து, மீண்டும் ஒதுங்கினோம். வானில் திரியும் கல் விலங்கு ஒன்று என்னைத் தாக்கி, நான் சேர்த்து வைத்திருந்த நீளமான கழுத்துத் துணியைக் கிழித்துச் சாணளவாக்கியபோது, தன்னையும் அது பார்த்துவிடும் என்று தெரிந்தும் அவர் மறைவிடத்திலிருந்து வெளியே வந்து என்னோடு ஒட்டி நின்றார். குளிர் ஏற ஏற எங்கள் கூவல் சுருங்கிக்கொண்டே போனது. நான் விரல் வலிக்க அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கருவியின் பொத்தானை அவ்வளவு அக்கறையோடு நான் அழுத்தியது அன்றுதான்.

விளையாட்டு முடிந்து, வழியில் உடன் வந்தவர்களின் பெயர்கள் திரையில் தோன்றின. நான்கு பெயர்கள் இருந்தன. ஒருவர் பிரிந்து போனால் அவர் இடத்தில் இன்னொருவரை ஓசைப்படாமல் சேர்த்துவிடும் ஏற்பாடு அதில் இருக்கிறது என்பதைப் பிறகே அறிந்தேன். விளிம்பில் காத்திருந்தவரும் பனியில் ஒட்டி நின்றவரும் ஒரே ஆள்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

இதை உருவாக்கிய ஜெனோவா சென் ஓர் உரையில் சொன்ன செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். தொடக்க வடிவத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவர்மீது ஒருவர் மோத முடிந்ததாம். உதவிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தால், ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்திருக்கிறார்கள். மோதலை எடுத்துவிட்டு, தொட்டால் இருவருக்கும் நன்மை என்று மாற்றிய பிறகே நிலைமை சீரடைந்தது. ஆகவே எனக்குத் துணை நின்றவர்கள் இயல்பிலேயே நல்லவர்களா, கெடுதல் செய்ய வழியில்லாதவர்களா என்று நான் ஆராய்வதில்லை. வழியை அடைத்து வைத்த விளையாட்டுகளே எனக்குப் பிடித்திருக்கின்றன.

* * *

நீங்கள் வசைகள் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். என் அனுபவம் அங்கேதான் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன், குழுவாக ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டில் "இடப்பக்கம் இருவர் வருகிறார்கள்" என்று மைக்கில் சொன்னேன். பெண் குரல் கேட்டதுமே ஆட்டம் நின்று, என்னைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. அன்று கழற்றிய மைக்கை நான் மீண்டும் மாட்டவில்லை. பேசாதவரைக் குழுவில் யாரும் விரும்புவதில்லை என்பதால் அந்த வகை விளையாட்டையே விட்டுவிட்டேன்.

2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்னைத் திரும்ப அழைத்து வந்தது. அதில் எதை நோக்கிக் குறிவைத்துப் பொத்தானை அழுத்துகிறோமோ அதன்மேல் அடையாளம் விழும். எதிரி, துப்பாக்கி, போக வேண்டிய இடம் எதுவானாலும் என் பாத்திரமே தன் குரலில் அதைக் கூட்டாளிகளுக்கு அறிவித்துவிடும். என் குரல் தேவையே இல்லை. ஒருநாள் எங்கள் குழுவின் மூவரில் நான் முதலில் விழுந்தேன், இன்னொருவர் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். எஞ்சியிருந்தவர் ஒளிந்துகொண்டு தன் உயிரைக் காத்திருக்கலாம். அவரோ நான் விழுந்த இடத்துக்கு ஊர்ந்து வந்து, விழுந்தவரை உயிர்ப்பிக்கத் தேவையான என் பதாகையை எடுத்து, உயிர்ப்பிக்கும் கோபுரத்தின்மேல் எனக்காக ஓர் அடையாளமிட்டு, திறந்தவெளியில் அங்கே ஓடினார். வெறுங்கையோடு இறங்கிய என் காலடியில் ஒரு துப்பாக்கியையும் தோட்டாக்களையும் போட்டார். நாங்கள் வெல்லவில்லை, அடுத்த இரண்டு நிமிடத்தில் இருவருமே விழுந்தோம். அவர் எந்த நாட்டவர், எந்த வயதினர் என்று தெரியாது, நான் பெண் என்பதும் அவருக்குத் தெரியாது. வழியை அடைத்தால் போதாது, நண்பரே. பேசாமலே சொல்லத் தக்க வழியொன்றைத் திறந்தும் வைக்க வேண்டும்.

* * *

என் பங்குக்குச் சிறிதாக ஒன்று. டீமன்ஸ் சோல்ஸ் (2009) என்ற விளையாட்டின் இயக்குநர் ஹிடேடாகா மியசாகி, பனிபடர்ந்த மேட்டில் வரிசையாகச் சிக்கிய கார்களை முகம் தெரியாதவர்கள் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட்டதையும், தன் கார் மேடேறிய பிறகு நன்றி சொல்ல நிறுத்த முடியாமல் போனதையும் நினைத்தே அதில் ஆட்டக்காரர்கள் இணையவழி உதவிக்கொள்ளும் முறையை அமைத்ததாகக் கூறியிருக்கிறார். அவருடைய எல்டன் ரிங் விளையாட்டில் (2022) முன்கூட்டியே தரப்பட்ட சொற்களைக் கோத்துத் தரையில் குறிப்பு எழுதி வைக்கலாம். வேறோர் உலகில் ஆடுபவர் அதைப் படித்து மதிப்பிட்டால், எழுதியவரின் உயிர்ப்பட்டை அந்தக் கணமே நிரம்பும்.

ஒரு பெரிய எதிரியிடம் பதினோராவது முறையாகத் தோற்கவிருந்தேன். மருந்துக் குடுவை காலி, பட்டையில் ஒரு கீற்றுதான் மிச்சம். திடீரென்று பட்டை நிரம்பியது. எங்கோ யாரோ என் குறிப்பை மெச்சியிருக்கிறார். நான் எழுதியிருந்த ஒரே குறிப்பு, வெறும் சுவர் ஒன்றின் முன்னால் விளையாட்டாக வைத்த "முன்னால் மறைவழி உண்டு" என்ற பொய்தான். அந்த எதிரியை வீழ்த்திய பின்னும் அதை நான் அழிக்கவில்லை.