நாடக வகுப்பு மதிப்பெண்: மலைப் பள்ளிகளில் நாம் கண்டவை

குன்னூர், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்:

என் மகளின் பள்ளியில் நாடகம் ஒரு பாடம். ஆண்டு விழாவில் போடும் நாடகத்தையே அந்தப் பருவத்தின் மதிப்பீடாக எடுத்துக்கொள்கிறார்கள். அவளை ஒளியமைப்புக் குழுவில் சேர்த்திருந்தார்கள். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த அன்று மாலை, நாடகத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் உடனே கிளம்பவில்லை. தாய் வேடமிட்ட பெண் இருட்டில் வசனத்தை விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். என் மகள் ஒரு டார்ச்சின் முகப்பில் டிரேசிங் தாளைச் சுற்றிக்கொண்டு, பக்கத் திரையின் ஓரத்தில் மண்டியிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி, காட்சி முடியும்வரை கை அசையாமல் பிடித்திருந்தாள். என் அருகில் இருந்தவர்கள் அதை இயக்குநரின் திட்டம் என்றே நினைத்தார்கள்.

மதிப்பெண் அட்டையில் அவளுக்கு 'சி'. எதிரே "மேடைப் பங்கேற்பு குறைவு" என்று எழுதியிருந்தது. விளக்கம் கேட்டபோது காட்டிய தாளில் குரல், உச்சரிப்பு, உடல்மொழி, வசன நினைவு என்ற நான்கு தலைப்புகள்தான் இருந்தன. அந்தத் தாளை அதற்கு முன் மாணவர் எவரும் பார்த்ததில்லை. அவளை ஒளிக்குழுவில் சேர்த்ததும் பள்ளிதான், ஒளிக்குழுவில் இருந்ததற்காக மதிப்பெண்ணைக் குறைத்ததும் பள்ளிதான் என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கொடைக்கானல், முன்னாள் மாணவர்:

நான் பத்தாம் வகுப்பு அளவிலான ஐஜிசிஎஸ்இ என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் நாடகம் படித்தேன். அதில் எழுத்துத் தேர்வுக்கு 40 விழுக்காடு, பள்ளியிலேயே செய்யும் நிகழ்த்துப் பணிக்கு 60 விழுக்காடு. தனி நிகழ்த்துகை ஒன்று, குழு நிகழ்த்துகை இரண்டு. குழு நிகழ்த்துகைகளில் ஒன்றை மாணவர்களே உருவாக்க வேண்டும். ஆசிரியர் போடும் மதிப்பெண்ணை வெளியிலிருந்து ஒருவர் காணொளி பார்த்துச் சரிபார்ப்பார் என்பதால், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் எழுதியே ஆக வேண்டும்.

எனக்கு மறக்காதது, எங்கள் ஆசிரியை எங்களை உட்காரவைத்து, காணொளியை ஓடவிட்டு, தாம் எழுதிய காரணங்களை வாசித்த பிற்பகல்தான். ஓர் இடத்தில் படத்தை நிறுத்தி, "கடிதத்தை வாங்கும் முன் நீ உன் கையை வேட்டியில் துடைத்தாய். அதற்காகத்தான் பாத்திரப் புரிதலில் இந்த மதிப்பெண்" என்றார். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்த ஒரு நொடி அது. கூடக் கிடைத்ததா குறைந்ததா என்பதைவிட, எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று தெரிந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

கோத்தகிரி, நாடக ஆசிரியர்:

குன்னூர் சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த ஆசிரியர்மீது முழுப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பார்வையாளர் இருக்கையிலிருந்து மகளைப் பார்ப்பது வேறு, ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே தாளில் மதிப்பிடுவது வேறு. பள்ளிகளில் என்ன கற்பிக்க வேண்டும் என்று வழிகாட்டிய 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே இசை, நடனம், காட்சிக்கலை ஆகியவற்றுடன் நாடகத்தையும் பள்ளிக்குள் கொண்டுவரச் சொன்னது. 2019-இல் சிபிஎஸ்இ, கலைக் கல்விக்கு வாரத்திற்குக் குறைந்தது இரண்டு பாடவேளை ஒதுக்க வேண்டும் என்றது. நடைமுறையில் அந்த இரண்டில் ஒன்று கணக்கு ஆசிரியரிடம் போய்விடுகிறது. மிஞ்சும் ஒரு வேளையில், விளக்குக் கம்பத்தின் அருகே நிற்கும் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்க்க எங்களுக்கு எங்கே நேரம்?

என் அனுபவம் சிறியது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவன் ஒத்திகை முழுவதும் வாயே திறக்கவில்லை. ஆனால் ஒருநாள், வராத மாணவனுக்குப் பதிலாக நிற்கச் சொன்னபோது, எல்லாருடைய வசனத்தையும் அவன் மனப்பாடமாகச் சொன்னான். அவனுக்கு எதன்கீழ் மதிப்பெண் போடுவது என்று என் தாளில் இடம் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்வதைச் சொல்கிறேன், மற்ற ஆசிரியர்களும் செய்து பார்க்கலாம். பருவத்தின் முதல் வகுப்பிலேயே மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்துவிடுங்கள். மாணவர்கள் அதை ஒத்திகைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் தாங்கள் என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று நான்கு வரி எழுதட்டும். ஒளி, ஒலி, ஒப்பனை, அரங்கப் பொருள் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள் வேண்டும்; ஒளிக்குழு மாணவர், எந்த வசனத்தில் எந்த விளக்கு ஏறி இறங்கும் என்ற பட்டியலை ஒப்படைக்க வேண்டும். குழுவுக்கு ஒரு மதிப்பெண்ணும் ஆளுக்கு ஒரு மதிப்பெண்ணும் தனியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உழைத்தவரும் ஒதுங்கியவரும் ஒன்றாகிவிடுவார்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் மேடையேறும் நாளுக்குக் கொடுக்கவே கூடாது. மழையும் தொண்டைக் கட்டும் இந்த மலையில் எந்த நாளையும் கெடுத்துவிடும். பெற்றோரும் நிகழ்ச்சிக்கு மட்டும் வராமல் ஒருநாள் ஒத்திகைக்கு வந்து பார்த்தால், பாதிச் சண்டைகள் எழவே எழா.

கூடலூர், மாணவனின் தந்தை:

கோத்தகிரி ஆசிரியர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் போதும் என்கிறீர்கள். எங்களுக்குத் தாளை முன்கூட்டியேதான் கொடுத்தார்கள். தாளுக்குள் இருந்ததுதான் எங்கள் சிக்கல்.

நாங்கள் 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். என் அப்பா அங்கே தோட்டத்தில் காமன் கூத்தில், அதாவது சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் கூத்தில், மன்மதனின் மனைவி ரதியாக வேடம் கட்டியவர். வீட்டு மரபிலிருந்து ஒரு சிறு காட்சி செய்துவரச் சொன்னபோது, மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் பகுதியை என் மகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வாசலில், குதிகாலை ஊன்றி அரைவட்டம் திரும்புவதையும், முந்தானையை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோய் அங்கேயே நிறுத்துவதையும், ஒரு மாலை முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். கண்ணைத் துடைத்துவிட்டால் அழுகை முடிந்துபோகும், அதனால் துடைக்கக் கூடாது என்றார்.

வகுப்பில் கிடைத்த குறிப்பு: "குரல் தேவைக்கு அதிகம். அசைவுகள் மிகை. இயல்பான நடிப்பு இல்லை." திறந்தவெளியில், தப்புப் பறை முழங்க, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்க வேண்டிய குரல் அது; நான்கு சுவருக்குள் நாற்காலி போட்டுப் பேசும் நாடகத்தின் அளவுகோலை வைத்து அதை அளந்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் நாட்டுப்புறக் கலைகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. அங்கே ஆடுகிற பிள்ளையிடம் இயல்பு நடிப்பு ஏன் இல்லை என்று எவரும் கேட்பதில்லை. வகுப்பறையில் மட்டும் ஏன் ஒரே அளவு?

கொடைக்கானல், முன்னாள் மாணவர்:

கூடலூர் ஐயா சொல்வதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. பிறகு மேல்நிலை வகுப்பில் ஐபி டிப்ளமா என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் நாடகம் எடுத்தபோது, அதுவரை படித்திராத ஓர் உலக நாடக மரபைத் தேர்ந்து, ஆராய்ந்து, அதன் ஒரு பகுதியை உடலில் ஏற்றி, 15 நிமிடத்திற்குள் விளக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அதில் முதல் கேள்வியே, அந்த மரபு உடலையும் குரலையும் எப்படிப் பயன்படுத்தச் சொல்கிறது என்பதுதான். அந்த மரபின் முறைக்குள் நின்று செய்தாயா என்று பார்த்தார்களே தவிர, இயல்பாக இருந்ததா என்று கேட்கவில்லை. உங்கள் மகன், ரதியின் நிற்றல், திரும்புதல், குரலின் உயரம் ஆகியவற்றுக்குத் தாத்தா சொன்ன காரணங்களை ஒரு பக்கம் எழுதிக் காட்சியுடன் கொடுத்தால், ஆசிரியர் எதை அளக்க வேண்டும் என்பது அவருக்கும் தெளிவாகும்.

கூடலூர், மாணவனின் தந்தை:

நன்றி தம்பி. மகனும் தாத்தாவும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த பருவத்தில் மீண்டும் செய்துகாட்ட ஆசிரியை இசைந்திருக்கிறார். தாளில் 'மரபின் முறை' என்று ஒரு தலைப்பைச் சேர்ப்பதாகவும் சொன்னார். இம்முறை கைபேசியில் பதிந்த தாளம் வேண்டாம், நேரில் தப்பு ஒலிக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் காமன் கூத்துக்குத் தப்பு வாசித்துப் பழகியவர் எவரையேனும் உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.