ஸ்வாப் எடுத்த அன்றே கேட்டு வாங்க வேண்டிய எண்: சென்னை கொரோனா நாட்களின் அனுபவப் பகிர்வு

கட்டுப்பாட்டு அறைப் பணியாளர், வட சென்னை

2020 மார்ச்சில் தொடங்கி 2022 வரை சென்னை மாநகராட்சியும் மாநில அரசும் கொடுத்த உதவிகளில் எது வீட்டு வாசல் வரை வந்தது, எது நடுவழியில் நின்றது, ஏன் நின்றது என்பதை இங்கே சேர்த்து வைப்போம். சொந்தக் கதை வேண்டாம். நாளைக்கு இன்னொரு தொற்று வந்தால் ஒரு குடும்பம் இதைப் பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்க முடிய வேண்டும், அந்த அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள்.

மாநகராட்சியின் புகார் எண்ணான 1913 பற்றி முதலில். அப்போது மாநகராட்சியில் 15 மண்டலம், 200 வார்டு இருந்தன. "எங்க தெருவுக்கு யாரும் வரலை" என்று மட்டும் சொன்னால் அந்தப் புகார் எந்த மண்டலத்துக்குப் போக வேண்டும் என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். சில தெருக்களில் இந்தப் பக்க வீடுகள் ஒரு வார்டு, எதிர்ப்பக்க வீடுகள் வேறு வார்டு. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், மண்டலமும் வார்டும் வரி எண்ணின் முன்பகுதியிலேயே இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் அந்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதுங்கள். எண் இல்லாமல் மறுநாள் கூப்பிட்டால் அது புதுப் புகாராகத்தான் பதிவாகும், பழையது யார் மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூச்சுத் திணறலுக்கு 1913-ஐக் கூப்பிட்டு நேரத்தை இழந்தவர்கள் நிறைய. அதற்கு 108. மருத்துவ ஆலோசனைக்கும் மனநல ஆலோசனைக்கும் 104. குப்பை, கிருமிநீக்கம், காய்ச்சல் முகாம், களப்பணியாளர் வராதது எல்லாம் 1913.

மாதிரி சேகரிப்புக் குழு

தலைப்பில் இருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பரிசோதனைக்கு மூக்கிலும் தொண்டையிலும் ஸ்வாப் எடுக்கும்போது ஒரு படிவம் நிரப்புவார்கள். எஸ்.ஆர்.எஃப். என்பார்கள். அதற்கு 13 இலக்க எண் ஒன்று உண்டு, தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். முடிவு தெரிந்துகொள்வது, மருத்துவமனைச் சேர்க்கை, பின்னாளில் இழப்பீடு என எல்லாமே இந்த எண்ணைப் பிடித்துத்தான் நடந்தது. முகாமில் கூட்டம் அதிகமானால் எண்ணைச் சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அங்கேயே நின்று கேட்டு, படிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. கைப்பேசி எண்ணில் ஒரு இலக்கம் மாறிவிட்டால் முடிவு யாருக்கோ போய்விடும். நம் பெயரின் முதலெழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் படிவத்தில் வேறு மாதிரியும் இருந்தால், பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். மூன்றாவதுதான் பெரியது. ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருப்பவர்கள் அதையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வேளச்சேரியில் படுத்திருப்பவரைத் தேடி மதுரையிலோ திருநெல்வேலியிலோ சுகாதாரத் துறையினர் கதவைத் தட்டுவார்கள், சென்னைக் களப்பணியாளரின் பட்டியலில் அந்தப் பெயரே வராது. இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்களோ அந்த முகவரியைத்தான் படிவத்தில் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து எடுத்தால், குழாயை மூடும் முன் அதில் ஒட்டியிருக்கும் பெயரையும் வயதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே வீட்டில் நால்வருக்கு எடுக்கும்போது சீட்டு மாறுவது சாதாரணமாக நடப்பது.

கேள்வி

முடிவுத் தாளில் சி.டி. 18 என்று போட்டிருந்தால் நுரையீரல் பாதிப்பு 18 சதவீதம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். சரியா சார்?

மாதிரி சேகரிப்புக் குழு

இல்லைங்க. ஆர்.டி.பி.சி.ஆர். தாளில் இருக்கும் சி.டி. என்பது எத்தனையாவது சுற்றில் வைரஸின் மரபணு கருவியில் தென்பட்டது என்பதைக் குறிக்கும் எண். மார்பு சி.டி. ஸ்கேன் முற்றிலும் வேறு. ஸ்வாப் எடுத்த விதத்தைப் பொறுத்தும் ஆர்.டி.பி.சி.ஆர். தாளின் எண் மாறும், அதை வைத்து நோயின் தீவிரத்தை முடிவு செய்யக் கூடாது.

காய்ச்சல் கணக்கெடுப்பு மேற்பார்வை

முகவரி பற்றி இன்னொன்று. சென்னையில் பல வீடுகளுக்குப் புது எண், பழைய எண் என்று இரண்டு இருக்கிறது. "புது எண் 14, பழைய எண் 8" என்று முழுவதும் எழுதாமல் "8" என்று மட்டும் கொடுத்தால், களப்பணியாளர் புது எண் 8-க்குப் போய் அங்கே தனிமைப்படுத்தல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்துவிடுவார். நோயாளி இருக்கும் வீட்டுக்கு மாத்திரையும் வராது, யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். அடுக்ககம் என்றால் பிளாக், தளம், கதவு எண் மூன்றும் வேண்டும்.

வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் காய்ச்சலை மறைத்தவர்கள் பலர். 2020-இன் நடுவில் பல இடங்களில் வீட்டு முன்னால் தகரம் அடித்தார்கள், அந்தப் பயம்தான் காரணம். மனிதர்களைக் கூண்டில் வைத்ததுபோல் இருந்த அந்த நடைமுறை நோயை மறைக்கத்தான் வைத்தது என்பது என் கருத்து. அதற்குப் பின் வந்த ஃபோகஸ் தன்னார்வலர் ஏற்பாடு பல மடங்கு நன்றாக வேலை செய்தது. தனிமையில் இருக்கும் வீட்டுக்குக் காய்கறி, பால், மருந்து வாங்கித் தருவது அவர்கள் வேலை. பணம் நாம் கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டைப் படமாக அனுப்புங்கள், மாத்திரைப் பெயரை வாயால் சொன்னால் மில்லிகிராம் மாறிவிடும்.

ரேஷன் கடைப் பக்கம்

நிவாரணம் யாருக்கு என்பதை அட்டையின் வகைதான் தீர்மானித்தது. ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். அல்லது என்.பி.எச்.எச். என்று இருந்தால் அரிசி அட்டை. என்.பி.எச்.எச்-எஸ் என்றால் சர்க்கரை அட்டை, என்.சி. என்று முடிந்தால் எந்தப் பொருளும் கிடையாது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். 2021-இல் 2,000 வீதம் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், ஜூனில் 14 மளிகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பு. கடைசி எழுத்தைக் கவனிக்காமல் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் பாவம், வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

டோக்கனில் தேதியும் நேரமும் போட்டிருக்கும். குறித்த நாளில் போக முடியாவிட்டால் உரிமை போய்விடாது. தனிமைப்படுத்தலில் இருந்தால் கடை ஊழியருக்கு முதலிலேயே தகவல் சொல்லிவிட்டால் போதும், முடிந்த பிறகு போய் வாங்கலாம். பொருள் வாங்காமலே "வழங்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால் அதை அழிக்காதீர்கள், உணவு வழங்கல் துறை அலுவலகத்தில் அதுதான் சாட்சி.

அட்டையே இல்லாதவர்களுக்கு அம்மா உணவகம் இருந்தது. சென்னையில் மட்டும் நானூறுக்கு மேல். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அட்டை, ஆதார், முகவரி எதுவும் கேட்காத ஒரே சேவை அதுதான். 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் முழு ஊரடங்கு இருந்தபோது இலவசமாகவே கொடுத்தார்கள். ஒருவர் பத்துப் பேருக்குப் பொட்டலம் கட்டிப் போவதை அனுமதிக்காத இடங்களில், நடக்க முடியாத முதியவர்கள் பட்டினி கிடந்தார்கள். அந்த விதிக்கு முதலிலேயே ஒரு விலக்கு வைத்திருக்க வேண்டும்.

ஸ்கிரீனிங் சென்டர் செவிலியர்

பாசிட்டிவ் வந்ததும் நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓடத் தேவையில்லை என்பதற்காகத்தான் ஸ்கிரீனிங் சென்டர் வைத்திருந்தார்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன் அளவு மூன்றையும் பார்த்துவிட்டு வீட்டுத் தனிமையா, கொரோனா சிகிச்சை மையமா, மருத்துவமனையா என்று பிரிப்பார்கள். கொண்டுவர வேண்டியது: பரிசோதனை முடிவு, எஸ்.ஆர்.எஃப். எண், ஆதார், இப்போது சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் அட்டை. பெயர் தெரியாமல் "வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு" என்றால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. மாற்றுத் துணி, கைப்பேசி சார்ஜர், மூக்குக்கண்ணாடி ஒரு பையில் இருக்கட்டும், அங்கிருந்தே சேர்க்கைக்கு அனுப்பினால் வீட்டுக்குத் திரும்பி வர முடியாது.

வீட்டுத் தனிமைக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் வேண்டும். ஒற்றை அறை வீடுகளிலிருந்து வந்தவர்கள் "இருக்கு" என்று தலையாட்டிவிட்டுப் போய், நான்கு நாளில் குடும்பத்தோடு திரும்பி வந்தார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் சிகிச்சை மையத்தில் சாப்பாட்டோடு இடம் கிடைத்திருக்கும்.

ஆக்சிமீட்டரில் தப்பாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நகத்தில் பாலிஷ், மருதாணி இருக்கக் கூடாது. கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். மாட்டியதும் முதலில் காட்டும் எண் கணக்கில்லை. அடுத்தது நடை. உட்கார்ந்திருக்கும்போது 94-க்குக் குறையாதவர்கள் மட்டும் அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ, நடப்பதற்கு முன் இருந்ததைவிட 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில் மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே அளவு இறங்கிவிடும்.

இன்னொரு கேள்வி

சிஸ்டர், ஆக்சிமீட்டரில் இரண்டு எண் வருதே?

ஸ்கிரீனிங் சென்டர் செவிலியர்

SpO2-வை ஒட்டி சதவீதக் குறி இருப்பது ஆக்சிஜன். இன்னொன்று நாடித்துடிப்பு. 88 என்று பதறிக் கூப்பிடும் அழைப்புகளில் பாதி நாடித்துடிப்பாகவே இருக்கும். ஆனாலும் சந்தேகம் என்றால் கூப்பிடுவதுதான் சரி.

துப்புரவு மேற்பார்வை

தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் முகக்கவசம், கையுறை, ரத்தமோ சளியோ பட்ட பஞ்சு எல்லாம் மஞ்சள் பையில். அதற்குத் தனியாக ஆள் வருவார். மற்ற குப்பையோடு கலந்துவிட்டால் வெறுங்கையால் பிரிப்பது நம் தூய்மைப் பணியாளர்தான், அதை நினைத்தாவது பிரித்துக் கொடுங்கள். நோய் இல்லாத வீடுகளில், போட்ட முகக்கவசத்தை 72 மணி நேரம் காகிதப் பையில் வைத்து, வெட்டி, பிறகு உலர்குப்பையில் போடுவதுதான் முறை. வெட்டாமல் போட்டால் துவைத்து மறுபடி விற்கும் ஆபத்து உண்டு.

கழிப்பறை துடைக்க 1 சதவீத ஹைப்போகுளோரைட். 5 சதவீதக் கரைசல் வாங்கியிருந்தால் 200 மில்லிக்கு 800 மில்லி தண்ணீர். அன்றன்று கலக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். ஆட்கள்மீது தெளிக்கவும் கூடாது. 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் அதைத் தவறு என்று சொல்லிவிட்டது.

தடுப்பூசி முகாம் பதிவாளர்

சிக்கல் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. முதல் ஊசிக்கு மகனின் கைப்பேசி எண், இரண்டாவதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எண். தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் ஊசி போட்டுக்கொண்டவர் இரண்டு ஆளாகி, இரண்டு முதல் தவணைச் சான்றிதழ் வந்துவிடும், நிறைவுச் சான்றிதழ் வராது. தளத்தில் புகார்ப் பகுதிக்குள் போய் இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்களையும் இணைக்கும் வசதி இருந்தது. பெயர், பிறந்த ஆண்டு, பாலினத் திருத்தமும் அங்கேதான்.

இறப்புப் பதிவுப் பிரிவு

இதை நிதானமாகப் படியுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 50,000 ரூபாய் கொடுத்தார்கள். கிடைக்காமல் போனவர்களில் பலர் தகுதி இல்லாதவர்கள் அல்ல, தவறான காகிதத்தைத் தேடி அலைந்தவர்கள்.

இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அந்தச் சான்றிதழில் இறப்பின் காரணத்துக்கு இடமே கிடையாது. காரணம் எழுதப்படுவது மருத்துவர் தரும் வேறொரு படிவத்தில். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் 4ஏ. மருத்துவமனையிலிருந்து உடலை வாங்கும் நாளிலேயே அதன் நகலையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் கேளுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் காகிதம் தோன்றாது, அதனால் அழாமல் நிற்கக்கூடிய ஒரு உறவினரிடம் இந்த ஒரு வேலையை ஒப்படையுங்கள்.

பரிசோதனை செய்த நாளிலிருந்து, அல்லது மருத்துவர் கொரோனா என்று உறுதிசெய்த நாளிலிருந்து, 30 நாளுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா இறப்பு. வீட்டில் இறந்தாலும் அப்படித்தான். தொடர்ந்து மருத்துவமனையிலேயே இருந்து 30 நாளுக்குப் பிறகு இறந்தாலும் கணக்கில் வரும். கடைசியாக எடுத்த பரிசோதனை நெகட்டிவ் என்பதைக் காட்டி மறுத்தால் ஏற்காதீர்கள். முதல் பாசிட்டிவ் முடிவும், ஸ்வாப் அன்று வாங்கிய எஸ்.ஆர்.எஃப். எண்ணும் இருந்தால் கொரோனா இறப்பை உறுதிசெய்யும் மாவட்டக் குழுவிடம் முறையிட வழி இருந்தது. 2022 மார்ச் 20-க்கு முன் நடந்த இறப்புகளுக்கு 60 நாளும், பிறகு நடந்தவற்றுக்கு 90 நாளும் விண்ணப்பக் கெடு வைத்தார்கள். வாரிசுச் சான்றுக்காகவே பலருக்கு அந்த நாட்கள் கரைந்தன. அதற்கு முதல் வாரத்திலேயே வட்டாட்சியருக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு மாநில அரசு 5 லட்சம் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சமும் 2021 மே மாதம் அறிவித்தது. அது வேறு திட்டம், வேறு மனு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டியிருந்தது. 50,000 வாங்கியவர்கள் இதைக் கேட்கக் கூடாது என்று யாரோ சொல்லி விட்டுவிட்டவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வாசலில் நின்று "இருநூறு கொடுங்க, எடுத்துத் தரேன்" என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.