செம்பருத்தி சர்பத்: நிறம் ஏன் மங்கலாக வருகிறது?

பெருந்துறைக்காரர்:
எங்கள் தோட்டத்து வேலியோரம் சிவப்புச் செம்பருத்தி தினமும் பூக்குதுங்க. இந்த வெயிலுக்குக் கடைக் கலர் வேண்டாம், குழந்தைகளுக்கு இதிலேயே சர்பத் போடலாம் என்று பார்த்தால், இதழைக் கொதிக்க வைத்த தண்ணீர் கருநீலமாக நிற்கிறது. எப்படிப் போடணும்?

காங்கயத்து அக்கா:
அது கெட்டுப்போனது இல்லைங்க தம்பி, அப்படித்தான் இருக்கும். ஐந்து இதழ் ஒற்றைப் பூவாக எடுத்து, காம்பு, பச்சைப் பகுதி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டு எல்லாம் நீக்கிவிட்டுக் கழுவுங்கள். அடுப்பை அணைத்த பிறகு வெந்நீரில் இதழைப் போட்டு மூடுங்கள், பத்து நிமிடத்தில் இதழ் வெளுத்துவிடும். வடிகட்டி, ஆறியதும் எலுமிச்சையைப் பிழியுங்கள், சாறு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு அப்படியே பரவும், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்! உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் நிறம் இன்னும் நீலமடிக்கும், குடிதண்ணீரில் போடுவதே நல்லது.

கோபிக்காரர்:
இனிப்புக்கு நாட்டுச் சர்க்கரை ருசிதான், ஆனால் நிறத்தை அடித்துவிடும். நான் கற்கண்டுதான் போடுவேன். மருந்தடித்த செடிப் பூ வேண்டவே வேண்டாம்.

பெருந்துறைக்காரர்:
கடையில் விற்கும் செம்பருத்தி டீ மட்டும் எலுமிச்சை இல்லாமலே புளிக்கிறதே?

காங்கயத்து அக்கா:
அது வேறு செடி. புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழைக் காயவைத்தது, புளிப்பு அதிலேயே இருக்கு. நம்ம பூவுக்குப் புளிப்பு கிடையாது. அப்புறம், மாசமாக இருப்பவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.